எழுதி வைத்தது எங்கே போச்சு?

குட்டீஸ்... எங்கள் பக்கத்து வீட்டில், 7ம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி இருக்கிறாள். ஒரு நாள் மாலை, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா... நான் எழுதினது எல்லாம் போச்சு!"

என்னவென்று விசாரித்தேன். அவர்கள் வீட்டு மாதுளை மரத்தில் தேன்சிட்டு ஒன்று கூடு கட்டியிருந்தது. முதல் நாரைக் கொண்டு வந்த நாளில் இருந்து, தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அப்பாவின் மொபைல் போனில் இரண்டு வரி எழுதி வந்திருக்கிறாள். கூடு எப்போது முடிந்தது, முட்டை எத்தனை, குஞ்சு பொரித்தது எந்த நாள், தாய்ச் சிட்டு எத்தனை முறை இரை கொண்டு வந்தது என்று, மொத்தம் 41 நாள் குறிப்பு. அறிவியல் கண்காட்சியில் வைக்கலாம் என்று ஆசிரியை சொல்லியிருந்தாராம்.

இடையில் அப்பா புது போன் வாங்கினார். பழைய போனில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு, கடையில் கொடுத்துவிட்டார். புது போனில் அதே குறிப்புச் செயலியை இறக்கித் திறந்தால்... வெள்ளைப் பக்கம்!

குஞ்சுகள் பறந்துவிட்டன, கூடு காலி. மறுபடியும் போய்ப் பார்த்து எழுதவும் முடியாது.

"அந்தச் செயலியில் என்னென்ன வசதி இருந்தது?" என்று கேட்டேன்.

"நிறைய மாமா! பக்கத்துக்கு 12 நிறம், பூ, பொம்மை ஸ்டிக்கர், தினமும் எழுதினால் நட்சத்திரம்..."

"எழுதியதை வெளியே எடுத்து, வேறு இடத்தில் வைக்க வசதி இருந்ததா?"

யோசித்தாள். "அது... பணம் கட்டினால்தான்."

இங்கேதான் விஷயமே இருக்கிறது. தினக் குறிப்பு எழுதும் செயலிக்கு எத்தனை வசதி வேண்டும்? எந்த வசதி இல்லாவிட்டால் ஆபத்து? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

*யானைக்கு வந்த மாற்றம்*

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. உலகம் முழுக்கப் பெரியவர்களும் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எவர்நோட் என்று ஒரு குறிப்புச் செயலி உண்டு. 2008ல் எல்லோருடைய பயன்பாட்டுக்கும் வந்தது. அதன் சின்னம், யானைத் தலை. யானைக்கு ஞாபக சக்தி அதிகம். அது எதையும் மறக்காது என்பதால் இந்தச் சின்னம்! பல ஆண்டுகள், உலகின் புகழ்பெற்ற குறிப்புச் செயலியாக அது இருந்தது.

2022 நவம்பரில், இத்தாலியின் மிலன் நகரில் உள்ள பெண்டிங் ஸ்பூன்ஸ் என்ற நிறுவனம் அதை வாங்கப் போவதாக அறிவிப்பு வந்தது. 2023 டிசம்பரில் புது விதி ஒன்று வந்தது. இலவசமாகப் பயன்படுத்துவோர் 50 குறிப்புகள்தான் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் இருந்த அளவு எவ்வளவு தெரியுமா? ஒரு லட்சம்!

தினம் ஒரு குறிப்பு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜனவரி 1ல் எழுத ஆரம்பித்தால், பிப்ரவரி 19ல் நோட்டு முடிந்துவிடும். அதற்கு மேல் எழுதப் பணம் கட்ட வேண்டும். அல்லது பழையதை அழிக்க வேண்டும். ஒன்றைப் பாராட்டியே ஆக வேண்டும். 50க்கு மேல் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தவர்கள், அவற்றைப் படிக்கவும், வெளியே எடுத்துச் செல்லவும் அப்போது அனுமதித்தார்கள்.

இன்னொன்று, பாக்கெட். இணையத்தில் பார்க்கும் கட்டுரைகளை, 'பிறகு படிக்கலாம்' என்று எடுத்து வைக்க உதவியது. 2007ல் பிறந்தது. பயர்பாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா நிறுவனம் 2017ல் இதை வாங்கியது. 2025 ஜூலை 8ல் மூடிவிட்டது! சேர்த்து வைத்ததை எடுத்துக்கொள்ளச் சில மாதம் அவகாசம் கொடுத்தார்கள். அறிவிப்பைக் கவனித்தவர்கள் தப்பித்தார்கள்.

கூகுள்கூட 2006ல் 'நோட்புக்' என்ற வசதியைத் தொடங்கி, 2012ல் மூடியது. அதில் இருந்த குறிப்புகளைத் தன்னுடைய 'டாக்ஸ்' பகுதிக்கு மாற்றிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு, 2013ல், 'கீப்' என்ற புதிய குறிப்புச் செயலியைக் கொண்டு வந்தது.

பார்த்தீர்களா? சின்ன கம்பெனி, பெரிய கம்பெனி என்ற வித்தியாசமே இல்லை. செயலிகள் வரும், போகும், மாறும். நாம் எழுதியது போகக் கூடாது.

*ஏன் இப்படி மாறுகின்றன?*

கடைக்காரர் உங்களுக்கு ஒரு நோட்டு விற்றால், அவர் வேலை அத்துடன் முடிந்தது. அதை நீங்கள் பத்து வருடம் அலமாரியில் வைத்திருந்தாலும் அவருக்குச் செலவு இல்லை.

செயலி நடத்துபவருக்கு அப்படி இல்லை. உங்கள் குறிப்பு அவருடைய பெரிய கணினியில் இருந்தால், அதற்கு மின்சாரம், பராமரிப்பு, ஆட்கள் என்று தினமும் செலவு. இலவசம் என்று சொல்லி ஆட்களைச் சேர்க்கலாம். ஆனால், என்றாவது ஒரு நாள் அந்தப் பணம் எங்கிருந்தாவது வர வேண்டுமே! கட்டணமாக வரலாம், விளம்பரமாக வரலாம். இரண்டும் வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். இதில் யாரையும் திட்ட வேண்டியதில்லை. கணக்கைப் புரிந்துகொண்டால் போதும்.

இன்னொரு காரணம், போட்டி. 'பக்கத்துக் கடையில் இருக்கிறதே' என்று ஒவ்வொரு செயலியும் புதுப் புது வசதியைச் சேர்த்துக்கொண்டே போகிறது. கணினியில் உள்ள நோட்பேடை எடுத்துக்கொள்ளுங்கள். 1985ல் வந்த முதல் விண்டோசிலேயே அது உண்டு. திறந்தால் வெள்ளைப் பக்கம். எழுதலாம், சேமிக்கலாம், அவ்வளவுதான். ஏறக்குறைய 40 வருடம் எளிமையாகவே இருந்த அதற்கும், 2024ல் எழுத்துப்பிழை திருத்தும் வசதி வந்தது. 2025ல், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதித் தரும் வசதிகூட வந்துவிட்டது. விரும்பாதவர்கள் அணைத்து வைத்துக்கொள்ளலாம். ஆனாலும், 'இந்த ஒன்றையாவது எளிமையாக விட்டு வைக்கக் கூடாதா?' என்று கேட்டவர்கள் பலர்.

*ஒரு நோட்டு, ஒரு தேதி*

இப்போது, தினக் குறிப்புக்கு உண்மையிலேயே என்ன தேவை என்று பார்ப்போம். இதற்குப் புதுச்சேரிக்குப் போக வேண்டும். அதுவும், சுமார் 290 ஆண்டுகள் பின்னால்!

ஆனந்தரங்கப் பிள்ளை என்பவர் அங்கே வணிகராக இருந்தார். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் தலைமை துபாஷியாகப் பணியாற்றினார். துபாஷி என்றால், இரண்டு மொழி தெரிந்து பேசி உதவுபவர். 1736ல் தொடங்கி 1761ல் காலமாகும் வரை, தான் கண்டதையும் கேட்டதையும் தமிழில் குறித்து வைத்தார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யாருக்கும் யாருக்கும் சண்டை, ஆளுநர் என்ன சொன்னார்... எல்லாம் தேதியோடு! அந்தக் காலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள, இன்றைக்கும் வரலாற்று அறிஞர்கள் அந்த நாட்குறிப்பைத்தான் புரட்டுகிறார்கள்.

அவரிடம் இருந்த வசதி என்ன? நோட்டு, எழுதுகோல், தேதி. நிறம் இல்லை, ஸ்டிக்கர் இல்லை.

அந்த நாட்குறிப்பு நமக்குக் கிடைத்தது எப்படி தெரியுமா? அவர் காலமாகிப் பல ஆண்டுகள் கழித்து, 1846ல், பிரெஞ்சு அதிகாரி ஒருவர் அதைத் தேடிக் கண்டுபிடித்தார். பிரதிகள் எடுக்கப்பட்டன. ஒரு பிரதி, பாரீஸ் தேசிய நூலகம் வரை போனது. சில பகுதிகள் கிடைக்கவே இல்லை.

தேதியோடு எழுதினார், பிற்காலத்தவர் படிக்கும் எழுத்தில் எழுதினார், பிறகு வந்தவர்கள் பிரதி எடுத்தார்கள். இந்த மூன்றும் செயலிக்கும் பொருந்தும்.

*அவசியமான ஆறு*

*1. திறந்ததும் இன்றைய பக்கம்:* செயலியைத் தொட்டவுடன் இன்றைய தேதியோடு வெள்ளைப் பக்கம் வர வேண்டும். 'எந்த வடிவம் வேண்டும்? எந்த நிறம் வேண்டும்?' என்று கேள்வி கேட்டால், சொல்ல வந்தது மறந்து போகும். பழைய நோட்பேடில்கூட இதற்கு வழி உண்டு. எஃப்5 விசையைத் தட்டினால், அன்றைய தேதியும் நேரமும் தானே வந்து உட்காரும்.

*2. வரிசை தவறாத தேதி:* நாம் 09-01-2026 என்று நாள், மாதம், ஆண்டு எழுதுவோம். கணினி, இடமிருந்து வலமாகப் பார்த்து அடுக்கும். அதனால் ஜனவரி 9, பிப்ரவரி 9, மார்ச் 9 எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். 2026-01-09 என்று ஆண்டை முதலில் எழுதினால், நாட்கள் தாமாகவே சரியான வரிசையில் நிற்கும். உலகத் தர நிர்ணய அமைப்பு சொல்லும் முறையும் இதுதான். பள்ளிக் கணினியில் கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது செய்து பாருங்கள்.

*3. தேடும் வசதி:* நூறு நாள் எழுதிய பிறகு, 'முட்டை' என்று தட்டினால், முட்டை பற்றி எழுதிய நாள் எல்லாம் வர வேண்டும். தமிழில் தேட ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. 'மரம்' என்று தேடினால், 'மரத்தில்' என்று எழுதிய இடம் பல செயலிகளில் வராது. ஏனென்றால், வேற்றுமை உருபு சேரும்போது 'ம்' போய், 'த்து' வந்துவிடுகிறது. 'மர' என்று மட்டும் தேடினால், இரண்டும் வரும். 'மரபு' என்ற சொல்லும் கூடவே வந்தால், பயப்பட வேண்டாம்!

*4. இணையம் இல்லாமலும் திறப்பது:* 'கிளவுட்' என்று சொல்கிறார்களே, அது வானத்து மேகம் அல்ல. எங்கோ ஓர் ஊரில், வேறு ஒருவர் வைத்திருக்கும் பெரிய கணினி. அங்கே மட்டும் குறிப்பு இருந்தால், சிக்னல் இல்லாத மலையூரில் உங்கள் நோட்டு திறக்காது. முதலில் உங்கள் கருவியில் இருக்க வேண்டும். பிறகு அங்கேயும் ஒரு பிரதி இருக்கலாம்.

*5. பூட்டு:* தினக் குறிப்பில் நம் மனதில் உள்ளதை எழுதுகிறோம். தம்பியோ, நண்பனோ எடுத்துப் படித்துவிட்டுக் கேலி செய்தால் வலிக்கும். கடவுச்சொல் வைக்கும் வசதி வேண்டும். செயலியே கேட்காத வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குறிப்பு எழுதும் செயலிக்கு, உங்கள் வீட்டார் போன் எண்கள் எதற்கு? நீங்கள் நிற்கும் இடம் எதற்கு? அனுமதி கேட்டால், 'வேண்டாம்' என்று தட்டலாம்.

*6. வெளியே வரும் வாசல்:* இதுதான் மிக முக்கியம். 'எக்ஸ்போர்ட்' என்ற பெயரில் இருக்கும். அதைத் தட்டினால், நீங்கள் எழுதியது எல்லாம் ஒரு கோப்பாக வெளியே வர வேண்டும். அந்தக் கோப்பு, வேறு எந்தக் கணினியிலும் திறக்கும் சாதாரண எழுத்துக் கோப்பாக இருந்தால் ரொம்ப நல்லது.

'சாதாரண' என்று ஏன் சொல்கிறேன்? உங்கள் அப்பா, அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். 20, 25 வருடங்களுக்கு முன், கணினியில் ஒரு தமிழ் எழுத்துருவில் தட்டியதை, வேறு எழுத்துரு உள்ள கணினியில் திறந்தால், புரியாத குறிகளாக வரும். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை இருந்ததுதான் காரணம். இன்று பெரும்பாலும் யூனிகோட் என்ற ஒரே முறை. தமிழக அரசும் 2010ல் அதை ஏற்றுக்கொண்டது. யூனிகோடில் எழுதிய சாதாரண எழுத்துக் கோப்பு, எந்தக் கம்பெனி மூடினாலும் திறக்கும்.

*ஒரு வருடம் எவ்வளவு கனம்?*

'இத்தனை நாள் குறிப்பைச் சேர்த்து வைத்தால் இடம் போதுமா?' என்று கேட்பீர்கள். கணக்குப் பார்ப்போமா?

'அம்மா' என்ற சொல்லைக் கணினி ஐந்து குறிகளாகப் பிரிக்கும்: அ, ம, மேலே புள்ளி, மறுபடி ம, கடைசியில் கால். வழக்கமான சேமிப்பு முறையில், ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் இடம் வேண்டும். ஆக, அம்மாவுக்கு 15 பைட்.

தினமும் சுமார் 100 சொல் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 1,000 குறிகள், அதாவது 3,000 பைட். 365 நாளைக்கு, சுமார் 11 லட்சம் பைட். இது ஒரு எம்.பி.,யை விடக் கொஞ்சம்தான் அதிகம். மொபைல் போனில் எடுக்கும் ஒரே ஒரு நல்ல போட்டோ, இதை விடப் பெரியதாக இருக்கும்! ஒரு வருட வாழ்க்கை, ஒரு போட்டோவின் இடத்தில் அடங்கிவிடுகிறது. பிறகு பிரதி எடுத்து வைக்க என்ன தயக்கம்?

*இல்லாவிட்டாலும் பரவாயில்லை*

நிறம், ஸ்டிக்கர் எல்லாம் தப்பு இல்லை. பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால், இரண்டு விஷயத்தில் கொஞ்சம் கவனம்.

ஒன்று, நட்சத்திரம். 'தொடர்ந்து 30 நாள் எழுதினீர்கள், சபாஷ்!' என்று செயலி சொல்லும். ஒரு நாள் விட்டால் கணக்கு பூஜ்யம் ஆகிவிடும். அதற்குப் பயந்து, 'இன்று ஒன்றும் இல்லை' என்று தட்டிவிட்டுத் தூங்கப் போவோம். இப்படி எழுதுவது செயலிக்காகத்தான், நமக்காக அல்ல. காய்ச்சலில் படுத்தால் எழுத வேண்டாம். குணமானதும், 'மூன்று நாள் காய்ச்சல்' என்று எழுதினால் போதும்.

இரண்டு, எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு. பள்ளிக்கு விண்ணப்பம் எழுதும்போது அது உதவலாம். ஆனால், மாதுளை மரத்தடியில் நின்றது நீங்கள். தாய்ச் சிட்டு வாயில் இருந்தது புழுவா, சிலந்தியா என்று பார்த்தது உங்கள் கண். அதற்கு அது தெரியாது. தானாக எழுதச் சொன்னால், பார்க்காததைக்கூடப் பார்த்த மாதிரி அழகாக எழுதிவிடும்! தப்பும் தவறுமாக இருந்தாலும், நீங்கள் எழுதும் இரண்டு வரிதான் சாட்சி.

*சட்டம் என்ன சொல்கிறது?*

நம் நாட்டில், தனிநபர் தகவல் பாதுகாப்புக்காக 2023ல் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அந்தச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகளே. அவர்களுடைய தகவல்களைக் கையாள, பெற்றோர் சம்மதம் வேண்டும். சில விதிவிலக்குகள் தவிர, குழந்தைகள் என்ன செய்கிறார்கள் என்று பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது.

எனவே, செயலியை இறக்கும் முன் அப்பா, அம்மாவிடம் கேளுங்கள். 'திட்டுவார்கள்' என்று நினைக்காதீர்கள். அவர்களைக் கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது!

*தேன்சிட்டுக்கு என்ன ஆச்சு?*

அந்தச் சிறுமியிடம், "ஞாபகம் இருப்பதை ஒரு தாளில் எழுது பார்ப்போம்" என்றேன். உட்கார்ந்து யோசித்தாள். நிறைய நினைவுக்கு வந்தது, தேதிதான் வரவில்லை. 'குஞ்சு பொரித்தது செவ்வாயா, புதனா?' என்று தவித்தாள்.

திடீரென்று துள்ளி எழுந்தாள். "மாமா, பாட்டிக்கு ஒரு போட்டோ அனுப்பினேன்!"

பாட்டி ஊரில் இருக்கிறார். குஞ்சு பொரித்த அன்று, அப்பா போனில் எடுத்த படத்தைப் பாட்டிக்கு அனுப்பியிருக்கிறாள். பாட்டியின் போனில் அது பத்திரமாக இருந்தது. தேதி, நேரத்தோடு! அந்த ஒரு நாளை வைத்து, முன்னும் பின்னுமாக எண்ணி, ஏழு எட்டு நாட்களைச் சரி செய்துவிட்டாள். மீதி, போனது போனதுதான். கண்காட்சியில், 'இந்த நாட்களின் குறிப்பு தொலைந்துவிட்டது' என்று நேர்மையாக எழுதி வைத்தாள்.

41 நாளில் ஒரு நாள் முழுசாகத் தப்பியது ஏன்? அது இரண்டு இடத்தில் இருந்தது. காரணம் அவ்வளவுதான்.

இப்போது அவள் வேறு செயலிக்கு மாறிவிட்டாள். ஸ்டிக்கர் கிடையாது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, எழுதியதை எல்லாம் ஒரே கோப்பாக வெளியே எடுத்து, வீட்டுக் கணினியில் ஒன்று, அம்மாவின் மின்னஞ்சலில் ஒன்று என்று வைக்கிறாள்.

*செய்து பாருங்கள்*

குட்டீஸ்... உங்கள் வீட்டில் யாராவது குறிப்புச் செயலி பயன்படுத்துகிறார்களா? அவர்களோடு உட்கார்ந்து, மூன்று கேள்வி கேளுங்கள்.

இணையத்தை அணைத்துவிட்டு, நேற்று எழுதியதைத் திறக்க முடிகிறதா?

எழுதியதை எல்லாம் வெளியே எடுக்கும் வாசல் எங்கே?

அப்படி எடுத்த கோப்பு, வேறு கணினியில் தமிழ் எழுத்து சிதையாமல் திறக்கிறதா?

மூன்றுக்கும் 'ஆம்' என்றால், அது நல்ல செயலி. போனே இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். 40 பக்க நோட்டு ஒன்று எடுத்து, முதல் பக்கத்தில் தேதி போடுங்கள். பூட்டு வேண்டுமானால் பெட்டியில் வையுங்கள். பிரதி வேண்டுமானால், முக்கியமான பக்கத்தைப் பார்த்து இன்னொரு நோட்டில் எழுதி வையுங்கள்.

மாதுளை மரத்தில், பழைய கூட்டுக்குப் பக்கத்துக் கிளையில், நேற்று ஒரு நார் தொங்குகிறதாம். செய்தி வந்துவிட்டது... தேதியோடு!